ஆலயக் கதவு வார நாள்களிலும் சற்று நேரம் திறந்திருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ9 வீதிக்குக் கிழக்கே உள்ள எங்கள் கிராமத்தில், எங்கள் வீட்டு வேலிக்கு அடுத்த காணியில் புனித அந்தோனியாருக்கு ஒரு சிற்றாலயம் இருக்கிறது. மீள்குடியேறி வந்த பின்னர் ஊரவர்கள் சேர்ந்து திருத்தியமைத்த அந்தக் கோயிலின் திறப்பு, வீடு பக்கத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தினால், 13 ஆண்டுகளாக எங்கள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்குகிறது. சனிக்கிழமை மாலையில் கூட்டித் துடைப்பதற்கும், பங்குத்தந்தை வருகின்ற ஞாயிறுகளில் பீடத்துக்கு விரிப்பு மாற்றுவதற்கும், செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு மெழுகுதிரி ஏற்றுவதற்கும், ஒலிபெருக்கிப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்து மீண்டும் வீட்டுக்குக் கொண்டுவருவதற்கும் நான் அந்தத் திறப்பை எடுத்திருக்கிறேன். ஒரு வேலையும் இல்லாமல் உள்ளே போய்ச் சும்மா இருப்பதற்காக அதை எடுத்த நாள் ஒன்றுகூட என் நினைவில் இல்லை. இதை எனக்கு உணர்த்தியது கடந்த மாதம் நடந்த ஒரு சிறிய சம்பவம். அதைப் பொதுவில் சொல்வதற்குக் கூச்சமாக இருந்தாலும், இது எங்கள் ஒரு கோயிலுக்கு மட்டும் உரிய விடயமன்று என்று நினைப்பதால் தங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

அன்று வியாழக்கிழமை. ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிவரும் பேருந்து சந்தியில் நின்று புறப்பட்ட சத்தம் கேட்டுச் சிறிது நேரத்தின் பின், ஒரு காலத்தில் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவளும் இப்போது இரண்டு பிள்ளைகளின் தாயுமான ஒருத்தி படலையில் வந்து நின்று, “ரீச்சர், கோயில் திறப்பை ஒருக்காத் தருவீங்களோ? பத்து நிமிசம் இருந்திட்டுப் போறன்” என்று கேட்டாள். அடுப்பில் பிட்டு அவிந்துகொண்டிருந்தது. பாரிசவாதத்தால் ஒரு பக்கம் இயங்காமற்போன என் கணவருக்கு மாத்திரை கொடுக்கும் நேரம் அது. பேரன் கணக்குக் கொப்பியுடன் எனக்குப் பின்னால் நின்றான். திறப்பைக் கொடுத்தால் அதைத் திரும்ப வாங்க வேண்டும், போய்ப் பார்த்துப் பூட்ட வேண்டும் என்ற எண்ணமே எனக்கு முதலில் வந்தது. “இண்டைக்கு என்ன விசேசம் பிள்ளை? ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வாவன்” என்று சொல்லிவிட்டேன். அவள் மறுத்து ஒன்றும் பேசவில்லை. பிட்டை இறக்கிவிட்டு யன்னலால் எட்டிப் பார்த்தபோது, பூட்டிய கதவுக்கு முன்னால், படியில், சாப்பாட்டுப் பையை மடியில் வைத்தபடி அவள் இருந்தாள். கை கூப்பவில்லை, செபமாலை உருட்டவில்லை, கதவைப் பார்த்தபடி இருந்தாள். பின்பு எழும்பிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தாள்.

அன்றிரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. நேர்த்தி வைப்பதற்கோ, இன்ன காரியம் நடக்க வேண்டும் என்று அந்தோனியாரிடம் மன்றாடுவதற்கோ வந்தவளாக அவள் தெரியவில்லை. விடியப்புறம் எழுந்து சமைத்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டி வைத்து, இருட்டோடு பேருந்தேறி, பகல் முழுவதும் தையல் இயந்திரத்தின் முன்னிருந்துவிட்டுத் திரும்பும் ஒருத்திக்கு, தொழிற்சாலைக்கும் வீட்டுக்கும் நடுவே, தன்னிடம் எவரும் எதையும் கேட்காத ஓர் இடம் தேவைப்பட்டிருக்கிறது. பேருந்துத் தரிப்பிடத்திலும் வாங்கு இருக்கிறது. ஆனால் அவள் அதில் இருந்துவிட்டுப் போகவில்லை, கடவுளின் முன்னிலையில் இருக்க வேண்டும் என்று நினைத்தே கோயிலடிக்கு வந்தாள். தமிழில் நாங்கள் களை ஆறுவது என்கிறோம், சூடு ஆறுவது என்கிறோம், புண் ஆறுவது என்கிறோம். துக்க வீட்டில் சொல்லும் வார்த்தையையும் ஆறுதல் என்றே சொல்கிறோம். இத்தனையையும் ஒரே சொல்லில் அடக்கிய நம் முன்னோர், மனிதன் எதற்காகக் கடவுளின் முன் போய் இருக்கிறான் என்பதை நன்றாக அறிந்தே இருந்திருக்கின்றனர்.

அவளிடம் இருந்த ஏக்கம் என்னிடமும் இருக்கிறது. அதனால்தான் அந்தக் காட்சி என்னைச் சுட்டது. 2019 இல் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது, இனிமேல் காலையில் அரை மணித்தியாலமாவது ஆண்டவரோடு ஆறியிருக்கலாம் என்று எண்ணினேன். அதற்கு அடுத்த ஆண்டே கணவர் விழுந்தார். மகள் வேலையின் நிமித்தம் கொழும்பில் இருப்பதால் பேரன் எங்களோடு வளர்கிறான். கோழிகளும் ஒரு பசுவும் உண்டு, காலபோகத்தில் இரண்டு ஏக்கர் வயலும் உண்டு. போதாததற்கு, எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்பதால் மாதர் சங்கத்திலும் கோயிலின் அருட்பணிச் சபையிலும் செயலாளர் பொறுப்பு என் தலையில் இருக்கிறது. ஓய்வூதியம் மாதா மாதம் தவறாமல் வருகிறது. அந்தச் சொல்லின் முதற்பாதியைத்தான் இன்னும் காணவில்லை. என்னிலும் பார்க்கப் பாரம் சுமப்பவர்கள் வன்னியில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் என்று படிவங்களில் எழுதப்படும் வீடுகளில், வயலுக்குப் போகிறவளும் கடன் தவணை சேர்க்க வருபவருக்குப் பதில் சொல்கிறவளும், பிள்ளையின் காய்ச்சலுக்கு ஆசுபத்திரி வரிசையில் நிற்கிறவளும் ஒருத்தியே. ஆண்களையும் நான் விட்டுவிடவில்லை. சிறுபோகத்தில் தண்ணீர் முறைக்காக இரவில் வாய்க்காலடியில் காத்திருந்துவிட்டு, காலையில் கூலி வேலைக்கும் போகிற தகப்பன்மாரை நான் அறிவேன்.

இந்த ஏக்கம் பற்றி மறையுரையில் பேச்சு வரும்போதெல்லாம் பெத்தானியா ஊரின் மார்த்தா, மரியா என்ற சகோதரிகளின் நிகழ்வே எடுத்துக்காட்டப்படுகிறது. இயேசு தங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது மரியா அவருடைய காலடியில் இருந்து கேட்டுக்கொண்டிருக்க, பணிவிடையில் அலைந்த மார்த்தா வந்து முறையிட்டதையும், நல்ல பங்கைத் தெரிந்துகொண்டவள் மரியாதான் என்று அவர் பதில் கூறியதையும் லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரம் சொல்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இதை நான் கேட்டு வருகிறேன். பெரும்பாலும் பெண்களை நோக்கியே இது சொல்லப்படும். சொல்லி முடித்துப் பூசையும் முடிந்ததும், வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றுவதற்கு அதே பெண்களில் நாலுபேர் எழும்பிப் போவோம். (தேநீர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இல்லாவிட்டால் முதலில் கேட்பவள் நானாகவே இருப்பேன்.) மார்த்தாவின் முறைப்பாட்டைச் சொல்லுக்குச் சொல் கவனித்தால், வேலை இருக்கிறதே என்று அவள் வருந்தவில்லை என்பது தெரியும். தன்னைத் தனியே வேலை செய்ய விட்டுவிட்டாள் என்பதே அவளுடைய மனத்தாங்கல். வன்னியில் அடுப்படியில் நிற்கும் எந்தப் பெண்ணுக்கும் அந்தத் ‘தனியே’ என்ற சொல் விளங்கும். அன்று அந்த வீட்டில் இன்னொருவர் எழுந்து ஒரு சட்டியை இறக்கி வைத்திருந்தால் மார்த்தாவும் வந்து காலடியில் இருந்திருப்பாள் என்றே நான் எண்ணுகிறேன்.

மார்த்தாவின் கதை அந்தக் கண்டிப்போடு முடிந்துவிட்டதாகவே பலரும் பேசுகின்றனர். யோவான் நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில், சகோதரன் லாசர் இறந்து அடக்கம் செய்யப்பட்டு நான்கு நாள்களின் பின், இயேசு வருகிறார் என்று கேள்விப்பட்டு ஊருக்கு வெளியே போய் அவரை எதிர்கொண்டவள் மார்த்தா. மரியா வீட்டிலேயே இருந்தாள். அவரே மெசியா என்று அந்த இடத்தில் வாய்விட்டு அறிக்கையிட்டவளும் மார்த்தாவே. அடுத்த அதிகாரத்தில் மீண்டும் பெத்தானியாவில் ஒரு விருந்து நடக்கிறது. மரியா விலையுயர்ந்த தைலத்தை இயேசுவின் பாதங்களில் பூசுகிறாள். மார்த்தா என்ன செய்தாள் என்றால், பரிமாறினாள் என்று மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. அந்த முறை அவள் முறையிடவும் இல்லை, அவளை எவரும் திருத்தவும் இல்லை. வேலை அதே வேலைதான். இடைப்பட்ட காலத்தில் அவளுக்குள் ஏதோ ஒன்று ஆறியிருக்கிறது. எப்படி ஆறியது என்று நற்செய்தி சொல்லவில்லை. எனக்குத் தெரிய வேண்டியிருப்பதும் அதுவே.

செய்யும் தொழிலே தெய்வம் என்று சிலர் இதற்குப் பதில் சொல்வார்கள். அந்தப் பழமொழியில் உண்மை இருக்கிறது. திருநாவுக்கரசர் உழவாரத்தைக் கையில் ஏந்திக் கோயில் வீதிகளில் புல் செதுக்கியது வழிபாடாகவே போற்றப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடமொன்றில் சமையற்காரராக இருந்த லோறன்ஸ் என்ற சகோதரர், சட்டி பானைகளுக்கு நடுவிலும் கடவுளின் முன்னிலையில் இருப்பதாக உணர்ந்து வாழப் பழகியவர் என்பதும் நான் அறிந்ததே. ஆயினும் லோறன்ஸ் சகோதரரின் அடுக்களைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றாலயம் இருந்தது, செப நேரங்கள் இருந்தன, அந்த நேரத்தில் அவரைப் போலவே எல்லோரும் வேலையை விட்டு எழும்பினார்கள். எங்கள் ஊர்களில் அந்தப் பழமொழியை எடுத்துச் சொல்பவர் பெரும்பாலும் வேலை செய்கிறவராக இருப்பதில்லை, வேலை வாங்குகிறவராக இருக்கிறார். களைத்துப்போன ஒருத்தியிடம் உன் வேலையே உன் செபம் என்று சொல்வது, அவளைத் திரும்பவும் அடுப்படிக்கு அனுப்புவதற்கு மிக நல்ல வழி.

ஆசீர்வாதப்பர் என்று தமிழில் நாம் அழைக்கும் புனித பெனடிக்ற், 6ஆம் நூற்றாண்டில் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்குகளில், செபத்துக்கான அழைப்பு ஒலித்ததும் கையில் இருக்கும் எந்த வேலையையும் அப்படியே விட்டுவிட்டு வர வேண்டும் என்று விதித்தார். வேலையை முடித்துவிட்டு வா என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நமக்கு அருகில், யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் 1928 இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைத் தாசர் சபையினரும் செபத்தையும் உடல் உழைப்பையும் ஒரே நாளுக்குள் வைத்து வாழ்பவர்கள். அவர்கள் செய்யும் நெல்லி இரசத்தை நம் வீடுகள் பலவும் அறியும். மடங்களுக்கு வெளியே வாழும் நமக்கும் அப்படி ஓர் ஒழுங்கு இருந்தது. காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு என மூன்று வேளையும் அடிக்கும் திருந்தாதி மணி அது. என் அம்மா உரலில் மாவிடித்துக்கொண்டிருப்பார். மணி கேட்டதும் உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு, முந்தானையைச் சரிசெய்து, கோயில் இருக்கும் திசையைப் பார்த்து நிற்பார். மூன்று மங்கள வார்த்தைச் செபம் முடிய இரண்டு நிமிடம் செல்லுமா? அந்த இரண்டு நிமிடத்துக்கு அவரிடம் அப்பாவும் ஒன்றும் கேட்கமாட்டார், நாங்களும் கேட்கமாட்டோம். பசித்தாலும் வாயைத் திறக்கமாட்டோம். அம்மாவைப் பொறுத்தவரை அது செபம். இன்று நினைத்துப் பார்க்கும்போது, அது அவருக்கு ஊர் முழுவதும் சேர்ந்து கொடுத்த விடுமுறையாகவும் எனக்குத் தோன்றுகிறது. எங்கள் சிற்றாலயத்தில் வெண்கல மணி இல்லை. வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டொன்றை ஞாயிறுகளில் அடிக்கிறோம். வார நாளில் அதை அடிப்பதற்கு ஆளில்லை, அடித்தாலும் தொலைக்காட்சிச் சத்தத்தில் எவருக்கும் கேட்காது என்று நாங்களே முடிவுசெய்துவிட்டோம்.

இந்த விடயத்தில் சைவச் சகோதரர்களிடமிருந்து நாங்கள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஏ9 வீதியில் பயணம் செய்த எவருக்கும் முறிகண்டிப் பிள்ளையாரைத் தெரியாமலிராது. எவ்வளவு அவசரமான சாரதியும் அங்கே வாகனத்தை நிறுத்தி, இறங்கி, கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்துவிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவார். பேருந்தில் இருக்கும் எவரும் தாமதமாகிறது என்று முணுமுணுப்பதில்லை. ஒரு பாரவூர்தி ஓட்டுநர் தன் கடமையின் நடுவே ஐந்து நிமிடம் நிற்பதற்கு வன்னியில் இடமும் வழக்கமும் இருக்கின்றன. ஆலயத்தில் தரிசனம் முடிந்ததும் உடனே புறப்படாமல், ஓரிடத்தில் அமைதியாக இருந்து ஐந்தெழுத்தைச் செபித்துவிட்டே எழும்ப வேண்டும் என்பதும் சைவர்களின் பழைய முறையே. என்னோடு படிப்பித்த சைவ ஆசிரியை ஒருவர், அந்த இருப்புக்காகவே தான் கோயிலுக்குப் போவதாகச் சொல்வார். குளக்கட்டு ஐயனாருக்கும் வயற்கரைப் பிள்ளையாருக்கும் முன்னர் கதவே இருந்ததில்லை. மரமும் கல்லும் சூலமும் இருந்தன. களை பிடுங்கிவிட்டு வருகிறவர்கள் நிழலில் சாய்ந்திருந்துவிட்டுப் போனார்கள். மீள்குடியேற்றத்தின் பின், வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய பணத்தில் சிலவற்றுக்குச் சுவரும் கம்பிக் கதவும் எழுந்தன. கோயில் உயர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. அதோடு பூட்டும் வந்து சேர்ந்தது. எங்கள் தேவாலயங்களுக்கும் இதே கதைதான்.

2009 இல் நாங்கள் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தோம். அந்த நாள்களைப் புகழ்ந்து பேசுவதற்கு எவருக்கும் மனம் வராது, எனக்கும் வராது. அங்கு எங்கள் தறப்பாள் கூடாரங்களுக்கு முன்னால், கயிற்றில் கட்டிய மாதா படமொன்றின் கீழ் மாலையில் ஏழெட்டுப் பெண்கள் கூடுவோம். செபமாலை சொல்லத் தொடங்குவோம். பல நாள்களில் அதை முடிப்பதற்குத் தெம்பிருக்காது. அப்படியே மண்ணில் இருப்போம். எவரும் எதையும் விளக்க வேண்டியதில்லை, எவரும் எவரையும் தேற்றவும் இல்லை. என் வாழ்நாளில் கடவுளின் முன் வெறுமனே இருந்தேன் என்று சொல்லத்தக்க மாலைகள் அவையே. ஊருக்குத் திரும்பி, கூரை போட்டு, கிணறு இறைத்து, பிள்ளைகளைப் படிக்கவைக்கத் தொடங்கிய பின்னர் அந்த இருப்பு எங்கே போனது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வாழ்வு திரும்பி வந்தபோது வேலையும் கூடவே வந்தது, வர வேண்டியதுதான். அதற்காக முகாமுக்குத் திரும்பிப் போக முடியாது, போகவும் கூடாது.

ஆண்டுதோறும் ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதாவின் திருத்தலத்துக்குப் போகிறோமே, அங்கே இளைப்பாறலாமே என்று கேட்கலாம். மடு மாதா அந்தக் காட்டுக்கு வந்ததே அடைக்கலம் தேடித்தான். ஒல்லாந்தர் காலத்து நெருக்குதலின்போது மாந்தையிலிருந்து திருச்சுரூபம் அங்கு கொண்டுவரப்பட்ட ஆண்டு 1670 என்பர். 2008 இல் போர் நெருங்கியபோது அதே சுரூபம் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகப்பட்டுப் பின்னர் திரும்பியது. இடம்பெயர்ந்த மக்களின் தாய் என்று அவரை நாங்கள் அழைப்பது வெறும் அலங்காரமன்று. அந்தக் காட்டு மரங்களின் கீழ் கிடைக்கும் அமைதி வேறெங்கும் கிடைக்காது என்பதும் உண்மை. ஆனாலும் மனச்சாட்சியோடு சொல்வதானால், திருவிழா நாள்களில் கூடாரத்தில் பன்னிரண்டு பேருக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டு, குளிக்கத் தண்ணீருக்கு நின்றுவிட்டு, வெஸ்பர் எனும் மாலை ஆராதனைக்குப் பிந்தி ஓடிப்போய்ப் பின்வரிசையில் நின்றுவிட்டு வருகிறேன். வீடு திரும்பியதும் இரண்டு நாள் படுக்கையில் கிடந்து எழும்ப வேண்டியிருக்கிறது. யாத்திரை வேண்டும், ஆனால் ஆண்டில் ஒருமுறை வரும் யாத்திரை வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தொழிற்சாலையிலிருந்து வரும் பிள்ளைக்கு உதவாது.

கோயிலை நடத்துகிற எங்களைப் போன்றவர்களிடமும் ஒரு குறை இருக்கிறது. கோயிலுக்கு வந்து அமைதியாக இருப்பவரைக் கண்டால் எங்களுக்குப் பொறுக்காது. வாசகம் வாசிக்கிறாயா, பாடகர் குழுவுக்கு வருகிறாயா, வருகிற மாதம் உங்கள் அன்பியத்தின் (அயல் வீடுகள் சேர்ந்த செபக் குழுவின்) முறை என்று உடனே ஒரு பொறுப்பைக் கையில் கொடுத்துவிடுவோம். இளைப்பாற வந்தவர் இன்னொரு வேலையோடு வீடு திரும்புகிறார், அடுத்த வாரம் கண்ணில் படாமல் ஒதுங்கிப் போகிறார். இந்தத் தவறை மற்றெல்லாரிலும் அதிகமாகச் செய்தவள் நான். ஒலிபெருக்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூட்டம் இல்லாத நேரத்திலும் பாட்டுப் போட்டால்தான் கோயில் உயிரோடு இருப்பதாக ஓர் எண்ணம் எல்லாச் சமயத்தவரிடமும் பரவிவிட்டது. பக்திப் பாடல்தானே என்று கேட்பார்கள். பகல் முழுவதும் இயந்திரங்களின் இரைச்சலில் இருந்துவிட்டு வருகிறவளுக்கு எந்தப் பாடலும் இரைச்சலே.

எனவே நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. வன்னியில் உள்ள சிற்றாலயங்களும், அவ்வாறே சைவ ஆலயங்களும், வார நாள்களில் மாலை ஐந்தரை மணி முதல் ஆறரை மணி வரையாவது திறந்திருக்கட்டும். அந்த நேரத்தில் பூசையும் வேண்டாம், நவநாளும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம். ஒலிபெருக்கி மூடியபடியே இருக்கட்டும். வருகிறவரிடம் எந்த ஊர், எந்தப் பங்கு, ஏன் ஞாயிறு வரவில்லை என்று எவரும் கேட்காமல் இருக்கட்டும். நிலத்தில் இருக்க இயலாத முதியவர்களுக்கு இரண்டு கதிரைகள் போட்டுவிட்டால் போதும்.

இதை எங்கள் அருட்பணிச் சபையில் எடுத்துச் சொன்னபோது முதலில் வந்த பதில் கள்ளரைப் பற்றியது. நியாயமான பயமே, உண்டியல் உடைபட்ட செய்திகளைத் தங்கள் பத்திரிகையிலும் நாம் வாசிக்கிறோம். உண்டியலை வீட்டுக்குள் எடுத்து வைக்கலாம், ஒலிபெருக்கிப் பெட்டியோ ஏற்கனவே எங்கள் வீட்டுக் கட்டிலின் கீழேதான் இருக்கிறது, மிஞ்சுவது பழைய வாங்குகளும் சுரூபமுமே என்று நான் சொன்னேன். காணாமற்போன பொருள்களைத் தேடித் தருகிறவர் என்று உலகமெல்லாம் நம்பும் புனிதரின் கோயிலில் பொருள் காணாமற்போகும் என்று நாம் பயப்படுவது அவருக்குச் சற்று மனவருத்தமாக இருக்கும் என்றும் சொன்னேன். சிரித்தார்கள். பங்குத்தந்தையும் அனுமதி தந்தார்.

இப்போது நான்கு வாரங்களாகக் கதவு திறந்திருக்கிறது. பூட்டு இறுகியிருந்ததால் முதல் நாள் தேங்காயெண்ணெய் விட்டே திறந்தேன். எனக்கு அந்த ஒரு மணித்தியாலமும் கிடைப்பதில்லை. பேரன் தாத்தாவுக்குப் பக்கத்தில் இருந்து வாய்ப்பாடு சொல்லும் இருபது நிமிடம் கிடைக்கிறது. இதற்கு அவன் உடனே சம்மதிக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். கணவர்தான், பேச்சுக் குழறினாலும், ‘போய் இருந்திட்டு வா’ என்று கையால் காட்டினார். இதை வாசிக்கும் கணவன்மாரும் வளர்ந்த பிள்ளைகளும் அந்தக் கையசைவைத் தங்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டும். ஆலயக் கதவைத் திறப்பது அருட்பணிச் சபையின் கையில் இருக்கலாம். அடுக்களையிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் ஒருத்தி போவது வீட்டில் உள்ளவர்களின் கையில் இருக்கிறது.

முதல் மூன்று நாளும் ஆறியிருந்தேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும். கோழிக்கூட்டைப் பூட்டினேனா, உலை கொதிக்கிறதா என்றே மனம் ஓடியது. நாலாம் நாள் வாங்கில் சாய்ந்து உறங்கிவிட்டேன். வெட்கப்பட்டு எழுந்தபோது, கிளிநொச்சி நகரத்து ஆலயத்தின் பாதுகாவலியான குழந்தை இயேசுவின் திரேசாள் நினைவுக்கு வந்தார். 1897 இல், 24 வயதில் இறந்த அந்தத் துறவி, செப நேரத்தில் தாம் உறங்கிவிடுவதை ஒளிக்காமல் எழுதியவர். உறங்கும் பிள்ளையையும் விழித்திருக்கும் பிள்ளையையும் பெற்றோர் ஒரேயளவாகவே நேசிக்கிறார்கள் என்று எண்ணி அதைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்தவர். அவருக்குப் பொருந்தியது எனக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டேன். மாற்கு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில், சாப்பிடவும் நேரமின்றி உழைத்த சீடர்களைத் தனிமையான ஓரிடத்துக்குச் சென்று சற்று ஓய்ந்திருக்கும்படி இயேசு அழைக்கிறார். படகில் அவர்கள் போய்ச் சேருவதற்கு முன்பே மக்கள் கூட்டம் கரையில் வந்து நிற்கிறது. அந்த ஓய்வும் முழுதாகக் கிடைக்கவில்லை. படகில் போன நேரம் மட்டும் கிடைத்தது. என்னுடைய இருபது நிமிடமும் அந்தப் படகு நேரம் போன்றதே.

வருகிறவர்கள் அதிகம் பேரில்லை. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பையன் வருகிறான், கொப்பியைத் திறப்பதில்லை. பக்கத்து வயற்காரரான ஒரு சைவ முதியவர், வெயில் தாழ்ந்த பின் மண்வெட்டியை வெளியே சாத்திவிட்டு வந்து கடைசி வாங்கில் இருந்துவிட்டுப் போகிறார். முதல் நாள் தயங்கி, “இருக்கலாமோ பிள்ளை?” என்று கேட்டார், பிறகு கேட்பதில்லை. திறப்புக் கேட்டு வந்த அந்தப் பெண் இரண்டு வாரமாக வரவில்லை. தொழிற்சாலையில் மேலதிக நேர வேலை என்று பின்னர் அறிந்தேன். மூன்றாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை நவநாளுக்குக் கூட்டம் வருமுன் வந்து, அந்தோனியாருக்கு நேரே இருக்காமல், தூணின் மறைவில், சாப்பாட்டுப் பையைக் காலடியில் வைத்துவிட்டு இருந்தாள். நான் அவளிடம் பேசவில்லை. அவளும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தங்கள் பத்திரிகையை வாசிக்கும் மன்னார், முல்லைத்தீவு, வவுனியா மாவட்டத்து அன்பர்களிடம் ஒரு கேள்வி கேட்டு முடிக்கிறேன். எங்கேனும் ஒரு கிராமத்து ஆலயம் காவலாளி இல்லாமல் மாலை நேரத்தில் திறந்து வைக்கப்படுகிறதாயின், அதை எப்படி நடத்துகிறீர்கள் என்று இதே பகுதியில் எழுதினால் பேருதவியாக இருக்கும். கள்ளர் இதுவரை வரவில்லை. ஆடுகள் வருகின்றன; பீடத்துப் பூக்களைத் தின்றுவிட்டுப் போகின்றன. கதவைச் சாத்தாமல் ஆட்டைத் தடுக்கும் வழி எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கிளிநொச்சி மாவட்டம்.